அண்ணனுக்கு ஒரு பாதி, தம்பிக்கு ஒரு பாதி

உம்முடைய சின்னவள் துளசி போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். செவன் கிங்ஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாளாம். என் மனைவி தேநீர் போட உள்ளே போனதும், அவள் என் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். பென்சில்கள் நிற்கும் சிரட்டையைப் பார்த்தாள். பென்சில்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சிரட்டையைத் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"அங்கிள், இது தேங்காய்ச் சிரட்டைதானே? ஆன்ட்டி இதை எறியச் சொல்லேல்லையோ?"

"சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா."

"ஹொஸ்பிட்டல்லை அப்பா கடைசியா உங்களிட்டைத் தேங்காயைப் பற்றித்தானே கேட்டவர்? அதுக்கும் இதுக்கும் ஏதும் சம்பந்தமோ?"

நேரான கேள்வி ஒன்று வந்தால் நான் எப்படி நிற்பேன் என்பது உமக்குத் தெரியும். அப்படித்தான் நின்றேன். இவ்வளவு காலமும் அவளுக்குச் சொல்லக்கூடாது என்று நீர் என்னிடம் கேட்டுக்கொண்ட விஷயம் அவளுடைய உள்ளங்கையிலேயே இருந்தது. சமையலறையில் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது. மனைவி வந்துவிட மாட்டாளா என்று பார்த்தேன். அவள் வரவில்லை.

நான் என்ன சொன்னேன் என்று பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை ஒழுங்குபடுத்திப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நான் சொன்னது சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. நீர் இருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவீர்.

இதைத் துளசி வாசிக்கமாட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவதும், மழை பெய்தால் "பிள்ளை படுக்கட்டும்" என்று விடுவதுமாக இருந்த தகப்பன் நீர். லண்டனில் மழை பெய்யாத சனிக்கிழமை ஏது? அதற்காக உம்மோடு சண்டை பிடித்திருக்கிறேன். இன்றைக்கு அது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

நாம் முதலில் சந்தித்தது கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், நீர் மருந்தாளராக வேலை செய்த கடையில். எண்பதுகளின் தொடக்கம். கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்த நான், இங்கே வந்து கவுன்சில் அலுவலகம் ஒன்றில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். நான் நீட்டிய மருந்துத் துண்டை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தீர்.

"நெஞ்சு படபடப்போ?"

"ஓம்."

"எப்ப வாறது?"

"சனக் கூட்டத்துக்குள்ளை. பிறகு, டெலிபோன் அடிச்சால்."

"ஐசே, டெலிபோன் அடிச்சால் எனக்கும்தான் படபடக்கும். மற்றப் பக்கத்திலை பெண்சாதி நிப்பா." பின்னால் வரிசையில் நின்ற ஆங்கிலக் கிழவிகள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர். "இந்தக் குளிசையைப் போடும். ஞாயிற்றுக்கிழமை என்னோடை நடக்கவும் வாரும். எப்பிங் காட்டுக்கு. அங்கை டெலிபோனும் இல்லை, சனமும் இல்லை."

நான் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீர் வீட்டு வாசலில் வந்து நின்றீர். கடைக்குப் போகும் அதே கறுப்புச் சப்பாத்து, கழுத்தில் டை, கையில் ஒரு சொப்பிங் பையில் இடியப்பப் பொட்டலம். அப்படித் தொடங்கியது. எப்பிங் காடு முடிந்து, வேல்ஸ் மலைகள், பிறகு வடக்கே ஏரிகள் சூழ்ந்த மலைகள். வழி பார்ப்பது என் வேலை. சமவுயரக் கோடுகளைப் பார்த்து, எங்கே ஏற்றம், எங்கே சரிவு, எங்கே மழைத்தண்ணீர் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியும். அந்த இடத்துக்குப் போய் நின்றால்தான் கால் நடுங்கும். நீர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறவர். ஆனால் உம்முடைய கால் எதையும் கேட்பதில்லை.

"நீர் கடதாசியிலை ஏறுறீர், நான் காலாலை ஏறுறன். ரெண்டையும் சேர்த்துத் தைச்சால் ஒரு முழு மனிசன் தேறும்" என்பீர்.

துளசிக்கு மூளைக் காய்ச்சல் வந்தது எண்பதுகளின் நடுவில். பள்ளிக்கூடம் தொடங்காத வயது அவளுக்கு. ஆஸ்பத்திரியில் உம்முடைய மனைவி பவானி அக்கா உள்ளே பிள்ளையின் கட்டிலருகே இருந்தா. நீர் வெளியே நடையில், கோப்பி விற்கிற இயந்திரத்தில் சாய்ந்தபடி நின்றீர். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற உம்மை அப்படி நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் நீர் சொன்னது இதுதான்:

"கதிர்காமத்துக்கு நடந்து வாறனெண்டு நேர்த்தி வைச்சிட்டன்."

ஆறுதல் சொல்லத் தெரியாத நான், "எங்கையிருந்து?" என்று கேட்டேன்.

"சந்நிதியிலை இருந்து."

இலங்கையின் வடக்குக் கடற்கரை முருகன் கோயிலிலிருந்து தெற்குக் காட்டு முருகன் கோயில்வரை. வெறுங்காலோடு, வழிநெடுகக் கோயில்களில் படுத்தெழும்பி, ஆடி மாதத் திருவிழாவுக்குப் போய்ச் சேருகிற நடை. ஊரில் வருஷாவருஷம் போகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் நீர் அதைச் சொன்ன நேரத்தில் அந்த வழி முழுவதும் சண்டை. சென்றிக் காவல் நிலைகளும் கண்ணிவெடிகளும். அது உமக்கும் தெரியும். பிள்ளையின் உயிருக்காக வைக்கிற நேர்த்தியில் யாரும் வழியை விசாரிப்பதில்லை.

துளசி எழும்பினாள். காது கேட்டது, கண் தெரிந்தது, பேச்சு வந்தது. டொக்டர்மாரே ஆச்சரியப்பட்டார்கள். நேர்த்தி மட்டும் அப்படியே கிடந்தது.

வருஷங்கள் போயின. பிள்ளைக்கு ஒரு தடிமன் வந்தாலும் பவானி அக்கா சுவாமிப் படத்தைப் பார்ப்பா, பிறகு உம்மைப் பார்ப்பா. ஒன்றும் பேசமாட்டா. நீர் எல்லாவற்றையும் பகிடி பண்ணுவீர். அந்தப் பார்வையைப் பகிடி பண்ணமாட்டீர். ஒருமுறை பிளேஸ்டோவில் யாரோ வீட்டுப் பிறந்தநாளில் துளசி ஓடிவிளையாடி விழுந்து, கொஞ்ச நேரம் கண் திறக்காமல் கிடந்தாள். ஒன்றுமில்லை, பயத்தில் கண்ணை மூடியிருந்தாள். ஆனால் உம்முடைய முகத்தை அன்றைக்குப் பார்த்தேன். அடுத்த கிழமையே கடைக்குக் கூப்பிட்டீர்.

"சூரி தெரியும்தானே, சுவிஸிலை ஹோட்டல் குசினியிலை நிக்கிற என்ர மச்சான். அவன்ர இடத்துக்கு மேலை ஒரு பள்ளத்தாக்கு இருக்காம். பஸ் முடியிற இடத்திலையிருந்து நடக்கவேணும். முடிவிலை ஒரு பெரிய மலை. கயிறு கியிறு தேவையில்லையாம், கால் இருந்தால் காணுமாம்."

"அதுக்கு?"

"நடந்து மலைக்கு வாறனெண்டுதானே வைச்சனான்."

"கதிர்காமம் எண்டெல்லோ சொன்னனீர்."

"நீர் வக்கீலுக்குப் படிச்சிருக்கவேணும், காணும்." மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்தீர். பிறகு மெல்லச் சொன்னீர்: "ஊருக்குப் போக ஏலாது. பிள்ளை வளருறாள். நான் செய்யாமல் இருக்க ஏலாது. மலையெல்லாம் அவரின்ரைதானே? என்ர கால் நோகிறதை அவர் எங்கை நிண்டாலும் பார்ப்பார்."

அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் தான் கொடுத்த வாக்குக்காக, வழி அடைபட்ட பிறகும், உலகப் படத்தில் வேறு வழி தேடுகிறான் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது. என்னால் அப்படி யோசித்திருக்கவே முடியாது. வழி இல்லை என்று எழுதி, கீழே கோடு இழுத்திருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு ஆடி மாதம். மலையில் பனி உருகியிருக்கும் காலமும் கதிர்காமத் திருவிழாக் காலமும் ஒன்றாக வந்ததை நீர் ஒரு அத்தாட்சியாகவே எடுத்துக்கொண்டீர். நான் சுவிஸ் வரைபடத்தைத் தருவித்து, பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டை வரைந்து சுவரில் ஒட்டினேன். கொண்டுபோகிற ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். நீர் கொண்டுவந்த இரண்டு தேங்காயில் ஒன்றைத் திருப்பித் தந்தேன்.

"ஒண்டு போதும். பாரம்."

"கடவுளுக்கும் ரேஷனோ, ஐசே? ஒண்டு அழுகல் எண்டால் என்ன செய்யிறது?"

"நல்லதாப் பார்த்து எடும். குலுக்கிப் பாரும்."

நீர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து ஒன்றை எடுத்தீர். அதை ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டுச் சுருட்டினீர். எல்லையில் சுங்க அதிகாரி அந்தக் காலுறையை அமத்திப் பார்த்துவிட்டு உம்மை நிமிர்ந்து பார்த்தபோது, "லஞ்ச்" என்றீர். அவர் மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிட்டார். நான் அதற்குள் வியர்த்துக் குளித்திருந்தேன்.

மஞ்சள் பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனபோது ஏற்பட்ட அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மரப்பாலம், ஒரு சின்ன வெள்ளைக் கோயில், அதற்கப்பால் வீடுகளே இல்லை. ஊசியிலை மரங்களுக்கிடையே பாதை ஏறியது. பக்கத்தில் ஆறு பால் கலந்ததுபோல் வெளிறி ஓடியது. மேலே உருகுகிற பனியாறு பாறையை அரைத்த மா அது என்று நான் விளக்கினேன். நீர் கேட்கவில்லை, குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தீர். "மாணிக்க கங்கை" என்றீர், கதிர்காமத்து ஆற்றை நினைத்து. மரங்கள் முடிந்ததும் புல்வெளி திறந்தது. கழுத்தில் மணி கட்டிய மாடுகள் எங்களைப் பார்த்தபடி அசைபோட்டன. மணிச்சத்தம் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் பட்டுத் திரும்பி வந்தது. "பூசை தொடங்கிட்டுது" என்றீர்.

அன்று மாலை நாங்கள் தங்கிய மலைக்குடிலில் ஒரு வயதான அம்மா எல்லாருக்கும் சூப்பும் பாணும் பரிமாறினா. உம்முடைய கோப்பையை நீர் எனக்குத் தள்ளிவிட்டீர். "வயிறு சரியில்லை. காலமை சாப்பிடுறன்." நான் நம்பினேன். இரண்டு கோப்பையையும் குடித்தேன்.

விடியத் தொடங்கியதும் புறப்பட்டோம். புல் முடிந்து கல் தொடங்கியது. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசியிருந்த அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து நான் முன்னால் போனேன். குழி தோண்டி வாழ்கிற ஒரு மலைப்பிராணி எங்களைக் கண்டு விசில் அடித்துவிட்டு மறைந்தது. பழைய பனி கிடந்த ஒரு சரிவை நீர் தடியால் குத்திக் குத்தி எனக்குப் படி வெட்டித் தந்து கடக்கவைத்தீர். அதற்கு மேலே இரண்டு முகடுகளுக்கிடையே ஒரு தாழ்ந்த முதுகு. அங்கிருந்து ஒரு கல்வரம்பு வழியாகச் சிகரம். மதியத்துக்குள் சிகரத்தை அடையாவிட்டால் திரும்பிவிட வேண்டும், பிறகு முகில் மூடிவிடும் என்பது நான் வைத்த விதி. "உம்மடை மணிக்கூடுதான் தலைவர்" என்று நீரும் ஒத்துக்கொண்டிருந்தீர்.

அந்த முதுகில் ஏறி நான் திரும்பிப் பார்த்தபோது நீர் வெகு கீழே நின்றீர். நீர் அவ்வளவு தூரம் எனக்குப் பின்தங்கியது அதுவே முதல் தடவை. நாலடி வைப்பதும் நிற்பதுமாக வந்தீர். வந்து சேர்ந்ததும் ஒரு பாறையில் இருந்தீர். உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் எடுத்துத் தர உம்முடைய பையைத் திறந்தேன். முதல் நாள் மதியத்திலிருந்து நான் பங்கிட்டுத் தந்த பாண், சீஸ், முந்திரிகைவற்றல் எல்லாம் கட்டியது கட்டியபடி இருந்தன.

"நீர் ஒண்டும் சாப்பிடேல்லையோ?"

"விரதம்."

"விரதமோ! இந்த உயரத்திலையோ?"

"தேங்காய் உடைச்ச பிறகு சாப்பிடுறன். மேலை போய். வெறுங்காலாலையும் நடக்கேல்லை, மாதக்கணக்கா நடக்கேல்லை. ஒரு நாள் பசியாவது கிடக்கவேணும்தானே."

"சாப்பிடும். இல்லாட்டி இறங்குவம்."

"ஐசே, நான் இறங்கினால் என்ர பிள்ளை?"

மேலே சிகரம் தெரிந்தது. பள்ளத்தாக்கின் வாயில் முதல் முகில் வந்து நின்றது. உம்மைச் சாப்பிடச் சொன்னால் நேர்த்தி முறிந்தது என்று வாழ்நாள் முழுக்க நினைப்பீர். ஏறவிட்டால் அந்தக் கல்வரம்பில் கால் தடுமாறும். இறக்கினால் பவானி அக்காவின் அந்தப் பார்வை. என் நெஞ்சு படபடவென்று அடித்தது. நான் பயந்தால் செய்கிற ஒரே காரியத்தைச் செய்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். கோயிலுக்குப் போகிறோம். முதலில் கால் கழுவுகிறோம். பிறகு...

"நீர் பிள்ளையாருக்கு உடைச்சனீரோ?" என்று கேட்டேன்.

நீர் நிமிர்ந்து பார்த்தீர்.

"தம்பியிட்டைப் போக முதல் தமையனிட்டைச் சொல்லவேணுமெல்லோ. லண்டனிலை வெளிக்கிடேக்கை உடைச்சனீரோ? சூரியின்ர வீட்டிலை?"

கடைக்குப் புதுப் பூட்டு வாங்கினால்கூடப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிக்கிற சனம் நாங்கள். ஒரு வருஷம் திட்டம் போட்டு, தராசில் காலுறையைக்கூட நிறுத்து, ஒரு தேசம் கடந்து வந்த இரண்டு பேரும் பிள்ளையாரை மறந்துபோயிருந்தோம்.

"ஐயோ" என்றீர். "மறந்துபோனம்!"

"அப்ப இஞ்சை உடைப்பம். உடைச்சால் நீர் சாப்பிடலாம்தானே? தேங்காய் உடைச்ச பிறகு எண்டுதானே உம்மடை கணக்கு."

"ஒரு தேங்காய்தானே கிடக்கு. நீர்தானே ரேஷன் போட்டனீர். இஞ்சை உடைச்சால் மேலை முருகனுக்கு?"

"சிதறடிக்காமல் ரெண்டாப் பிளப்பம். ஒரு பாதி அண்ணனுக்கு, மற்றப் பாதி தம்பிக்கு. சகோதரங்கள்தானே?"

நீர் சிரிக்கத் தொடங்கினீர். சத்தம் வரவில்லை, அதற்கு உமக்குப் பெலன் இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. "ஒரு மாம்பழத்துக்குச் சண்டை பிடிச்ச சகோதரங்கள், ஐசே" என்றீர். "சரி, இந்தமுறை பங்கிட்டுப் பார்ப்பம். நீரே உடையும். என்ர கை நடுங்குது."

நான் அதுவரை வாழ்க்கையில் தேங்காய் உடைத்ததில்லை. வீட்டில் மனைவிதான் உடைப்பாள். எனக்கு விரலில் பட்டுவிடும் என்று பயம். நீர் பாறையில் சாய்ந்தபடி சொல்லித் தந்தீர். "உள்ளங்கையிலை வையும். நடு வளையத்திலை கல்லாலை தட்டும். திருப்பும். தட்டும். தேங்காயைப் பார்த்துப் பயப்பிடாதையும், அது உம்மைக் கடிக்காது." தட்டத் தட்ட எனக்கு வேறொரு பயம் பிடித்தது. லண்டனில் வாங்கிய தேங்காய். இத்தனை நாள் காலுறைக்குள் கிடந்தது. அழுகலாக இருந்தால்? பிள்ளைக்காக வைத்த நேர்த்தியில் அழுகல் தேங்காய் உடைந்தால் உம்முடைய மனம் என்ன பாடுபடும்? மற்றத் தேங்காயைத் திருப்பித் தந்தவன் நான். நீரும் அதைத்தான் நினைத்திருப்பீர். சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு துளசியின் பெயரைச் சொன்னீர்.

வெடிப்பு ஓடியது. தேங்காய்த் தண்ணீர் என் விரல்களுக்கிடையால் தகரக் கோப்பைக்குள் வடிந்தது. இரண்டு பாதியையும் விரித்தேன்.

வெள்ளை. பக்கத்தில் கிடந்த பனியைவிட வெள்ளை. கோணல் இல்லாமல் சரி பாதியாகப் பிளந்திருந்தது.

"நல்லா உடைஞ்சிருக்கு" என்றீர். ஒரு தட்டையான கல்லை நிமிர்த்திப் பிள்ளையாராக வைத்து, அதன் முன்னால் ஒரு பாதியை வைத்துத் தலையில் குட்டிக்கொண்டீர். நானும் குட்டிக்கொண்டேன். பிறகு கோப்பையிலிருந்த தண்ணீரை நீர் குடித்தீர். அந்தப் பாதித் தேங்காயை என் பேனாக்கத்தியால் கிளப்பிக் கிளப்பித் தந்தேன். ஒரு துண்டு எனக்கு, மற்றதெல்லாம் உமக்கு. பாணையும் சாப்பிட்டீர். கொஞ்ச நேரத்தில் உதட்டில் இரத்தம் திரும்பியது. "இவ்வளவு ருசியான தேங்காய் நான் தின்னேல்லை" என்றீர்.

அதன் பிறகு அந்தக் கல்வரம்பில் ஏறினோம். ஒரு பக்கம் சரிவு. மறுபக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஓரிடத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து நிற்க மட்டும் அகலம். சற்றுமுன் பசியில் நடுங்கிய மனிதர் நீர், பள்ளத்துப் பக்கமாக வந்து எனக்குப் பக்கத்தில் நடந்தீர். "உள்ளுக்காலை வாரும். என்ர பையைப் பாரும். வேறை ஒண்டையும் பாராதையும்." உம்முடைய பையின் பக்கிளில் ஒரு நூல் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. சிகரம்வரை அந்த நூலைத்தான் நான் பார்த்தேன்.

உச்சியில் ஒரு மரச் சிலுவை நின்றது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சிலுவையெல்லோ நிக்குது" என்றேன்.

"நிக்கட்டும். அவை தங்கட ஆளை வைச்சிருக்கினம். எங்கட ஆள் அதுக்குக் கோவிக்கமாட்டார்."

கற்பூரம் காற்றில் பற்றவில்லை. குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கடைசியில் இரண்டு பைகளையும் மதில்போல் வைத்து, நான் என் ஜக்கெட்டை விரித்துப் பிடிக்க, மற்றப் பாதித் தேங்காய்க்குள் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினீர். நீல நுனியோடு ஒரு சின்னச் சுடர். சுற்றிவர எத்தனை மலைகள்! அத்தனை பெரிய வெளியில் அந்தச் சுடர் ஒரு பொட்டுப்போல. நீர் ஒரு பாட்டும் பாடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. "வந்திட்டன்" என்று மட்டும் சொன்னீர். சுடர் அணைந்தது.

தேங்காயைச் சிலுவையடியில் வைத்துவிட்டு நாங்கள் விலகியதும், மஞ்சள் சொண்டோடு ஒரு கறுப்புப் பறவை வந்து இறங்கியது. பிறகு இன்னொன்று. கொத்தத் தொடங்கின.

"பாரும், காகம்! சொண்டுக்கு மஞ்சள் பூசியிருக்கு. மயிலுக்கு விசா கிடைக்கேல்லைப்போலை, உதுகளை அனுப்பியிருக்கிறார்."

அந்தக் கணத்தில் உம்மைப் பார்த்து நான் நினைத்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நம்பிக்கை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறேன், பகிடிக்காரரையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்காகப் பட்டினி கிடந்து ஒரு மலையில் ஏறிவந்து, வாக்கை நிறைவேற்றிய அதே மூச்சில் கடவுளோடு பகிடி விடக்கூடிய ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

இறங்கும் வழியில், அந்த முதுகில், பிள்ளையார் கல்லருகே கிடந்த வெறும் சிரட்டையை நான் எடுத்துப் பையில் போட்டேன். குப்பையை மலையில் விடக்கூடாது என்பது விதி. நீர் அதைப் பார்த்தீர்.

"துளசிக்கு உது ஒண்டையும் சொல்லாதையும்" என்றீர்.

"ஏன்? அவள் சந்தோசப்படுவாள்தானே?"

"என்ர அம்மா எனக்காக வைச்ச நேர்த்தியெல்லாத்தையும் எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தவ. இதுக்கு உருண்டன், அதுக்குப் பட்டினி கிடந்தனெண்டு. ஒரு படத்துக்குப் போனாலும் அது நினைவு வரும். அம்மாவிலை பிழையில்லை. ஆனால் பாரம், ஐசே. இவள் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்க வேண்டாம். சும்மா கையை வீசிக்கொண்டு நடக்கட்டும்."

லண்டனுக்குத் திரும்பியபின் நீர் எல்லோரிடமும் சொன்ன கதையில் நேர்த்தி இல்லை, விரதம் இல்லை. "இவர்தான் என்னை மலையிலை ஏத்தினவர்" என்று என்னைக் காட்டுவீர். யாராவது, "இவரோ? இவர் எஸ்கலேட்டரிலை கால் வைக்கவே பயப்பிடுறவர்" என்று சிரித்தால், நீர் சிரிக்கமாட்டீர். "அவர் பயந்த ஆளில்லை. கவனமான ஆள்" என்பீர். நான் அதை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் அதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டு எடுப்பேன். பவானி அக்கா அதன் பிறகு சுவாமிப் படத்தைப் பார்த்தபின் உம்மைப் பார்ப்பதில்லை. அவவும் போய்ச் சில வருஷங்களாகிவிட்டன.

ஆஸ்பத்திரியில் உம்முடைய கடைசி நாட்களில் ஒன்று. துளசி கட்டிலின் மறுபக்கம் இருந்தாள். நீர் கண் திறந்து என்னைத் தேடினீர்.

"தேங்காய் நல்லாத்தானே இருந்தது?"

"ஓம். வெள்ளை வெளேரெண்டு இருந்தது."

"நல்லாத்தானே உடைஞ்சது?"

"சரி பாதி."

நீர் கண்ணை மூடிக்கொண்டீர். துளசி என்னைப் பார்த்து, "மருந்து, அங்கிள். ரெண்டு நாளா இப்பிடித்தான் கதைக்கிறார்" என்று அழுதாள். நான் தலையை ஆட்டினேன்.

அவள்தான் போன ஞாயிற்றுக்கிழமை சிரட்டையோடு என் முன்னால் நின்றவள். எனக்கு இரண்டு மனமாகத்தான் இருந்தது. தகப்பனை இழந்த பிள்ளை. அவர் தனக்காக என்ன செய்தார் என்று தெரிந்தால் அது ஒரு ஆறுதல் அல்லவா? நீர் சொன்னபோது அவள் சின்னப்பிள்ளை. இன்று தலையில் நரை தொடங்கிய பெண். அந்த வாக்கு இன்னும் செல்லுமா? யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"நானும் அப்பாவும் ஒருக்கால் சுவிஸ் மலைக்குப் போனனாங்கள், பிள்ளை. அங்கை அவருக்கு நல்லாப் பசிச்சிட்டுது. அப்ப சாப்பிட்ட தேங்காய்தான் இது."

அவள் உம்மைப்போலவே தோள் குலுங்கச் சிரித்தாள்.

"ஓ மை கோட். அல்ப்ஸுக்குத் தேங்காய் கொண்டுபோனவரோ? திஸ் இஸ் ஸோ அப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருந்ததாமோ?"

"அவ்வளவு ருசியா ஒரு தேங்காய் தான் தின்னேல்லையெண்டு சொன்னவர்."

நான் பொய் சொல்லவில்லை. முழுவதும் சொல்லவுமில்லை. அவள் பென்சில்களைத் திரும்பச் சிரட்டைக்குள் வைத்தாள். தேநீர் குடித்தாள். என் மனைவி தந்த பலகாரப் பையை, "அடுத்தமுறை, ஆன்ட்டி" என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

நான் முன்னறை யன்னலருகே போய் நின்றேன். ஸ்டேஷன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். உம்முடைய நடைதான், கால் எதையும் கேட்காத நடை. மூலைவரை இரண்டு கையையும் வீசிக்கொண்டே போனாள். சிரட்டை என் மேசையில் இருக்கிறது.